மூன்றரை மணிக்குப் பிறகு தொடங்கும் பள்ளி

ஜப்பானிய மேல்நிலைப்பள்ளிகளில் பாடவேளை பிற்பகல் மூன்று, மூன்றரை மணிக்கு முடிந்துவிடும். வகுப்பறையையும் நடைகூடத்தையும் மாணவர்களே பெருக்கித் துடைப்பார்கள். அதன் பிறகுதான் பள்ளியில் சத்தம் எழும். மைதானத்தில் உலோக மட்டையில் பேஸ்பால் படும் ஓசை. மேல்மாடி அறைகளில் ஆளுக்கொரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் ஊதும் டிரம்பெட்கள். கூடத்தில் மூங்கில் வாள்கள் மோதும் சத்தமும் அதற்கு மேலாக எழும் கூச்சலும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்: புகட்சு. குழுச் செயல்பாடு என்று பொருள்படும் ஒரு நீண்ட சொல்லின் சுருக்கம் அது.

ஜப்பானில் மேல்நிலைப்பள்ளி மூன்றாண்டு. நம் கணக்கில் பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகள். அந்த மூன்றாண்டுகளில் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ நண்பர்கள் யார், யாரோடு ரயிலில் வீடு திரும்புகிறார்கள், விடுமுறையில் எங்கே இருக்கிறார்கள் என்பதையெல்லாம் பெரும்பாலும் முடிவுசெய்வது அவர்கள் சேர்ந்திருக்கும் குழுதான். இத்தனைக்கும் புகட்சு பாடத்திட்டத்தைச் சேர்ந்ததன்று. மாணவர்கள் தாமாக முன்வந்து பங்கேற்பது என்றே கல்வி அமைச்சகத்தின் நெறிமுறைகள் அதைக் குறிப்பிடுகின்றன. எந்தக் குழுவிலும் சேராமல் மணி அடித்ததும் கிளம்பிவிடுபவர்களுக்கும் ஒரு குழுப்பெயர் வைத்திருக்கிறார்கள்: 'கிட்டாக்கு-பு', அதாவது வீட்டுக்குப் போகும் குழு. சேராதவரையும் ஒரு குழுவில் சேர்த்தால்தான் அந்தச் சமூகத்துக்கு நிம்மதி போலிருக்கிறது.

கல்வியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. முதல் சில வாரங்கள் ஆள்பிடிக்கும் காலம். புதிதாக வந்த மாணவர்களைப் பழையவர்கள் வழிமறித்துத் துண்டறிக்கை கொடுப்பார்கள், கூடத்தில் வாசித்தும் ஆடியும் காட்டுவார்கள். சில நாட்கள் வெள்ளோட்டமாகப் போய்ப் பார்க்கலாம். பிறகு பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் இலையுதிர் காலத்தில் கால்பந்து ஆடுபவர் வசந்தத்தில் ஓட்டப்பந்தயத்துக்கு மாறிக்கொள்வது சாதாரணம். ஜப்பானில் அப்படி இல்லை. டென்னிஸ் என்றால் மூன்றாண்டும், பன்னிரண்டு மாதமும் டென்னிஸ். நடுவில் விலகுவதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் விலகியவர் பழைய நண்பர்களை நடைகூடத்தில் எதிர்கொள்வது எளிதன்று.

இந்த ஏற்பாட்டின் வேர் மெய்ஜி பேரரசர் காலத்தில் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு வாக்கில் டோக்கியோவில் பாடம் நடத்திய ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்கர் தன் மாணவர்களுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார். 1896இல், டோக்கியோவின் முதலாம் உயர்நிலைக் கல்லூரி மாணவர் அணி யோகோஹாமாவில் வசித்த வெளிநாட்டவர் அணியை 29-4 என்ற கணக்கில் தோற்கடித்தது. மேற்கத்திய வல்லரசுகளுடன் சமமற்ற ஒப்பந்தங்களில் சிக்கியிருந்த நாட்டில் அது வெறும் விளையாட்டுச் செய்தியாக நிற்கவில்லை. விடுதியில் கூடி வாழ்ந்து, வெயிலிலும் பனியிலும் பயிற்சி செய்து, வலித்தாலும் வலிக்கிறது என்று சொல்லாத அந்தக் கல்லூரி மாணவர்களின் முறை மற்றப் பள்ளிகளுக்கும் முன்மாதிரி ஆயிற்று. வெளியிலிருந்து வந்த விளையாட்டுக்குள் சாமுராய் ஒழுக்கம் என்று அவர்கள் கருதியதை இட்டு நிரப்பிக்கொண்டார்கள். அந்த நிரப்பல் நூறாண்டுகள் தாங்கியது.

குழுவுக்குள் முதல் விதி மூப்பு. ஓராண்டு முந்திச் சேர்ந்தவர் 'சென்பாய்', பிந்தி வந்தவர் 'கோஹாய்'. வயதில் சில மாதங்களே வித்தியாசம் இருக்கலாம். இருந்தாலும் கோஹாய் மரியாதை வினைமுற்றோடுதான் பேச வேண்டும், எதிரே கண்டால் நின்று தலைவணங்க வேண்டும். முதலாண்டு மாணவருக்குப் பந்து பொறுக்குவது, வலை கட்டுவது, மைதானத்து மண்ணைச் சமன்செய்வது ஆகியவையே பல மாதங்களுக்கு வேலை. அடுத்த ஏப்ரலில் புதியவர்கள் வந்ததும் அவரே சென்பாய் ஆகிவிடுகிறார். நேற்றுவரை பந்து பொறுக்கியவருக்கு இன்று பந்து பொறுக்கிக்கொடுக்க ஆள் வந்துவிடுகிறது. பிற்காலத்தில் அலுவலகத்தில் மேலாளரிடம் எப்படிப் பேசுவது, விருந்தில் யாருக்கு முதலில் கோப்பையை நிரப்புவது என்பதற்கெல்லாம் ஒத்திகை இங்கேயே முடிந்துவிடுகிறது. புகட்சுவில் இருந்தவர்களை நிறுவனங்கள் விரும்பி வேலைக்கு எடுப்பதன் காரணமும் இதில்தான் இருக்கிறது.

விளையாட்டுக் குழுக்களில் 'மேனேஜர்' என்ற இன்னொரு பதவி உண்டு. பெயரைக் கேட்டு அதிகாரம் உள்ளவர் என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர்ப் பாத்திரம் நிரப்புவது, புள்ளிக்கணக்கு எழுதுவது, பந்துகளில் பிய்ந்த தையலைத் தைப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் மேனேஜரின் வேலை. பையன்கள் அணியில் இது பெரும்பாலும் மாணவிகளின் பொறுப்பு. தேசிய பேஸ்பால் போட்டியில் மாணவி ஒருவர் புள்ளிக்கணக்கு எழுதுபவராக வீரர்களின் இருக்கையில் உட்கார 1996இல்தான் அனுமதி கிடைத்தது. 2016இல் போட்டிக்கு முந்தைய பயிற்சியில் பந்து எடுத்துக்கொடுக்க மைதானத்துக்குள் வந்த ஒரு மேனேஜரை அதிகாரிகள் வெளியேறச் சொன்னார்கள். ஆபத்து என்பது அவர்கள் சொன்ன காரணம். செய்தி பரவிக் கண்டனம் எழுந்ததும், அடுத்த ஆண்டு தலைக்கவசத்தோடு வரலாம் என்று விதி தளர்ந்தது.

அந்தத் தேசியப் போட்டிதான் ஜப்பானியப் பள்ளி வாழ்க்கையின் உச்சம். 1915இல் ஓசாகா அசாஹி நாளிதழ் பத்துப் பள்ளிகளை வைத்து அதைத் தொடங்கியது. 1924இல் ஓசாகாவுக்கும் கோபேக்கும் இடையே நிஷினோமியாவில் கட்டிய கோஷியென் விளையாட்டரங்கத்துக்குப் போட்டி இடம்மாறியது. அது முதல் அரங்கத்தின் பெயரே போட்டிக்கும் பெயர். சீன வழி ஆண்டு வட்டத்தில் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் முதல் ஆண்டாக 1924 அமைந்ததால் அரங்கத்துக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் கோடைப் போட்டிக்கு 49 பள்ளிகள் வருகின்றன: மாகாணங்கள் 47, பரப்பில் பெரிய ஹொக்கைடோவுக்கும் மக்கள்தொகையில் பெரிய டோக்கியோவுக்கும் மட்டும் இரண்டிரண்டு இடம். எல்லா ஆட்டங்களையும் பொது ஒலிபரப்பு நிறுவனம் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டுகிறது. ஒவ்வோர் ஆட்டமும் சைரன் ஒலியோடு தொடங்கிச் சைரன் ஒலியோடு முடியும். வென்ற பள்ளியின் பள்ளிப்பாடல் ஒலிக்கும்போது வீரர்கள் வரிசையாக நின்று பாடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரணடைந்த நாளான ஆகஸ்ட் 15 அன்று நண்பகலில் ஆட்டம் நின்று, அரங்கமே தலைகுனிந்து அஞ்சலி செலுத்தும்.

இந்தப் போட்டிக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்க்க வேண்டும். மாகாணத் தகுதிச் சுற்றுகளில் சுமார் 3,400 அணிகள் இறங்குகின்றன. ஒரு தோல்வி என்றால் வெளியே. ஆக, ஒரே ஓர் அணியைத் தவிர மற்ற எல்லா அணிகளின் கோடையும் தோல்வியில்தான் முடிந்தாக வேண்டும். ஏறக்குறைய பாதி அணிகளுக்கு அது முதல் ஆட்டத்திலேயே நேர்கிறது. விடியற்காலைப் பயிற்சி, மாலைப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி என்று இரண்டரை ஆண்டு உழைத்ததற்கு இரண்டு மணிநேர ஆட்டம். பெரிய பள்ளிகளில் அதுவும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. கோஷியெனில் ஓர் அணிக்குச் சீருடை எண் இருபதுதான்; 2023க்கு முன்பு பதினெட்டு. நூறு பேர் கொண்ட குழுவில் மற்ற எண்பது பேரும் அதே சீருடையை எண் இல்லாமல் அணிந்து, 'ஆல்ப்ஸ்' என்று அழைக்கப்படும் உயரமான பக்கவாட்டு இருக்கைகளில் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். மூன்றாண்டும் ஒரு பந்தைக்கூட எதிரணியிடமிருந்து வாங்காமல் பள்ளியை விட்டு வெளியேறுகிறவர்கள் உண்டு. ஜப்பானியர்களை இந்தப் போட்டியோடு கட்டிப்போட்டிருப்பது வென்றவர்களைவிட இவர்கள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. பெரும்பாலான பார்வையாளர்களின் இளமையும் ஆல்ப்ஸ் இருக்கையில்தானே கழிந்திருக்கும்!

தோற்ற அணி வீரர்கள் மண்டியிட்டு, மைதானத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு அழுதபடி வெளியேறுவது பழைய வழக்கம். 1958இல் ஒகினாவாவிலிருந்து ஷூரி மேல்நிலைப்பள்ளி வந்திருந்தது. அப்போது ஒகினாவா அமெரிக்க ஆட்சியில் இருந்தது. முதல் ஆட்டத்தில் தோற்ற ஷூரி மாணவர்களும் மற்றவர்களைப் போலவே மண் அள்ளிக்கொண்டு கப்பலேறினார்கள். ஊர் திரும்பியபோது, வெளிநாட்டு மண் தாவர நோய்த் தடுப்புச் சட்டப்படி உள்ளே வரக்கூடாது என்று அதிகாரிகள் அதைக் கடலில் கொட்டச் செய்துவிட்டார்கள். செய்தி அறிந்த விமானப் பணிப்பெண்கள் சிலர் கோஷியெனிலிருந்து கூழாங்கற்களைப் பொறுக்கி ஷூரி பள்ளிக்கு அனுப்பிவைத்தார்கள். கல்லுக்குச் சட்டத்தில் தடை இல்லை. அந்தக் கற்கள் பதித்த நினைவுச்சின்னம் பள்ளி வளாகத்தில் இருக்கிறது.

கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளே மூன்றாமாண்டு மாணவர்கள் குழுவிலிருந்து விலகிவிடுவார்கள். அதை அங்கே 'இன்தாய்' என்பார்கள். சுமோ மல்யுத்த வீரர் களத்திலிருந்து ஓய்வுபெறுவதற்கும் இதே சொல்தான். பதினேழு வயதில் ஓய்வு! காரணம், ஜனவரி நடுவில் பல்கலைக்கழகப் பொது நுழைவுத்தேர்வு. கோடை முடிந்ததும் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, மாலைகளில் 'ஜுக்கு' என்னும் தனிப்பயிற்சி நிலையங்களில் போய் அமர்கிறார்கள்.

கோஷியென் என்ற சொல் இன்று பேஸ்பாலை விட்டு வெளியே வந்து, பள்ளி மாணவர்களின் எந்த தேசியப் போட்டிக்கும் ஒட்டிக்கொள்ளும் பின்னொட்டு ஆகிவிட்டது. மாங்கா என்னும் படக்கதைகளுக்கான கோஷியென் 1992 முதல் கோச்சி மாகாணத்தில் நடக்கிறது. மட்சுயாமாவில் 1998 முதல் நடக்கும் ஹைக்கூ கோஷியெனில் ஐவர் கொண்ட அணிகள் கொடுத்த தலைப்பில் கவிதை எழுதிவந்து, எதிரணியின் கவிதையைக் குறுக்கு விசாரணை செய்கின்றன. கவிதைக்கும் மதிப்பெண், வாதத்துக்கும் மதிப்பெண். காகித ஆலைகளுக்குப் பேர்போன ஷிகோகுசூவோ நகரில் 2008இல் தொடங்கிய போட்டி இன்னும் விசித்திரமானது. தரையில் விரித்த பிரம்மாண்டமான தாளில், பாட்டுக்கு ஏற்ப அசைந்தபடி, துடைப்பம் போன்ற தூரிகைகளால் மாணவிகள் எழுத்துகளை வரைகிறார்கள். தொழில் நலிந்துவந்த ஊருக்கு உயிரூட்ட அவ்வூர்ப் பள்ளியின் எழுத்துக்கலைக் குழு வீதியில் எழுதிக்காட்டத் தொடங்கியதன் தொடர்ச்சி இது.

கருட்டா என்னும் சீட்டு விளையாட்டுக்கு ஷிகா மாகாணத்தின் ஓமி கோயில்தான் கோஷியென். பழங்காலத்து நூறு கவிதைகள் இதற்கு ஆதாரம். ஒருவர் கவிதையின் முதல் பாதியை இசைத்துப் படிக்க, எதிரெதிரே அமர்ந்த இருவர் மறுபாதி எழுதிய அட்டையைத் தேடித் தட்டிப் பறக்கவிட வேண்டும். நூறு கவிதையும் மனப்பாடமாக இருப்பவருக்கு முதல் சில அசைகளே போதும். சில கவிதைகளுக்கு முதல் அசை வாயிலிருந்து முழுதாக வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அமைதியான ஆட்டம் என்று நினைத்து வேடிக்கை பார்க்கப் போகிறவர் அட்டை பறக்கும் வேகத்தில் திடுக்கிடுவார். 'சிஹாயாஃபுரு' என்ற மாங்கா வந்த பிறகு பள்ளிகளில் கருட்டா குழுக்கள் பெருகின.

கலைக்குழுக்களில் பெரியது காற்றிசைக் குழு. அதில் மாணவிகளே அதிகம். கலைக்குழு என்று பெயர் இருந்தாலும் நடப்பதெல்லாம் விளையாட்டுக் குழுவின் ஒழுங்குதான்: ஓட்டம், மூச்சுப் பயிற்சி, வயிற்றுத் தசைக்கான பயிற்சி, பிறகு ஒரே சுரத்தை மணிக்கணக்கில் நிறுத்தி ஊதுவது. தேசியப் போட்டி மேடையில் ஒரு பள்ளிக்குக் கிடைப்பது பன்னிரண்டு நிமிடம். அதற்குள் கட்டாய உருப்படி ஒன்றும் விருப்ப உருப்படி ஒன்றும் வாசித்து முடிக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக மாதக்கணக்கில் அதே இரண்டு உருப்படிகள். கோடையில் பேஸ்பால் அணியோடு போய் ஆல்ப்ஸ் இருக்கையில் வாசிப்பதும் இவர்கள்தான். வெயிலில் கருவி சூடாகி உதடு வெந்துபோகும்.

குழுவைத் தாண்டி வகுப்பு முழுதும் கூடுவது 'புன்காசாய்' என்னும் பண்பாட்டு விழாவில். பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் இரண்டு நாள் நடக்கும். ஒரு வகுப்பறை காபிக்கடை ஆகும், அடுத்தது அட்டைப்பெட்டிகளால் கட்டிய பேய்வீடு ஆகும், இன்னொன்றில் நாடகம். பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் பிற பள்ளி மாணவர்களும் வந்து போவார்கள். எவ்வளவு செலவு, யார் எந்த நேரத்தில் நூடுல்ஸ் வறுப்பது என்பது வரை மாணவர் குழுவே கூடிப் பேசி முடிவெடுக்கும். பேய்வீடு கட்ட இருட்டும்வரை பள்ளியில் இருந்துவிட்டு வீடு திரும்பும் அந்த ஒரு வாரம்தான் மூன்றாண்டில் மறக்க முடியாதது என்று சொல்பவர்கள் நிறைய.

பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியும் தனி உலகம். ரயில் நிலையத்தருகே இருக்கும் இருபத்துநான்கு மணிநேரக் கடையில் பொரித்த கோழியோ வேகவைத்த மாவுருண்டையோ வாங்கித் தின்பதைப் பல பள்ளிகள் தடைசெய்திருக்கின்றன. தடை இருப்பதால் ருசி கூடுகிறது. தொண்ணூறுகளில் பேஜர் கருவியில் எண்களை மட்டும் அனுப்ப முடிந்த காலத்தில், மாணவிகள் எண்களின் உச்சரிப்பை வைத்தே ஒரு மொழி செய்துகொண்டார்கள்: 0840 என்றால் காலை வணக்கம், 4649 என்றால் 'தயவு வேண்டும்' என்கிற ஜப்பானிய உபசார வார்த்தை. 1995இல் ஒட்டுப்படம் எடுத்துத் தரும் 'புரிகுரா' பெட்டிகள் வந்தன. 2011இல் லைன் செயலி வந்த பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அரட்டைக் குழு உண்டு. செய்தியைப் படித்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பது புதிய குற்றம்.

காதல் என்றால் அங்கே முறைப்படி சொல்ல வேண்டும். பிடித்திருக்கிறது, பழகலாமா என்று ஒருவர் நேராகக் கேட்டு மற்றவர் சரி என்ற பிறகே அது தொடங்கியதாகக் கணக்கு. மார்ச் மாதப் பட்டமளிப்பு நாளில், மேலிருந்து இரண்டாவது பொத்தானைத் தரும்படி பிடித்த பையனிடம் மாணவி கேட்பது பழைய கறுப்புக் கோட்டுச் சீருடைக் காலத்து வழக்கம். இதயத்துக்கு நெருக்கமான பொத்தான் அது என்பது விளக்கம். பிளேசர் சீருடை பரவியபின் பொத்தானுக்குத் தட்டுப்பாடு.

இந்த வாழ்க்கையின் இருண்ட பக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. 2012 டிசம்பரில் ஓசாகாவில் ஒரு மேல்நிலைப்பள்ளிக் கூடைப்பந்து அணியின் மாணவத் தலைவர், பயிற்சியாளரான ஆசிரியர் திரும்பத் திரும்ப அறைந்ததைத் தொடர்ந்து தற்கொலை செய்துகொண்டார். ஆசிரியருக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது. பள்ளிகளில் அடிப்பதை 1947ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. வகுப்பறையில் தடைபட்ட கை மைதானத்தில் பயிற்சி என்ற பெயரில் நீண்டுகொண்டிருந்தது. உடலை வருத்துவதும் பெருமையாகவே இருந்தது. 1998 கோஷியென் காலிறுதியில் மட்சுசாகா டைசுகே என்ற மாணவர் 17 இன்னிங்ஸில் 250 பந்துகள் எறிந்ததை நாடே மெய்சிலிர்த்துப் பார்த்தது. ஒரு வாரத்தில் ஒருவர் 500 பந்துகளுக்கு மேல் எறியக்கூடாது என்ற விதி வர 2020 ஆயிற்று.

மறுபக்கத்தில் ஆசிரியர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பு. தான் ஆடியே பார்த்திராத ஆட்டமாக இருந்தாலும் பொறுப்பு பொறுப்புதான். 2018இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 48 நாடுகள், பகுதிகளில் நடத்திய ஆய்வில், ஜப்பானின் நடுநிலைப்பள்ளி ஆசிரியர்களே வாரத்துக்கு 56 மணிநேரத்துடன் மிக அதிகமாக உழைப்பவர்கள் என்று தெரிந்தது. வகுப்புக்கு வெளியிலான செயல்பாடுகளுக்கு மட்டும் 7.5 மணிநேரம், சர்வதேச சராசரி 1.9. இதற்கு மிகைநேர ஊதியமும் இல்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பதிலாக மாதச் சம்பளத்தில் நான்கு சதவீதத்தைச் சேர்த்துக் கொடுத்து வாயை அடைத்துவிட்டது. அதைப் படிப்படியாகப் பத்து சதவீதமாக உயர்த்தும் திருத்தம் 2025இல்தான் நிறைவேறியது. புகட்சு என்ற மாளிகை நின்றதே இந்தக் கூலியில்லா உழைப்பின் மேல்தான்.

மாற்றம் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. 2018இல் அரசின் விளையாட்டு முகமை, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு வேண்டும், வேலைநாளில் இரண்டு மணிநேரம், விடுமுறை நாளில் மூன்று மணிநேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று வழிகாட்டியது. நடுநிலைப்பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியது என்றாலும் மேல்நிலைப்பள்ளிகளுக்கும் அடிப்படையில் பொருந்தும். நடுநிலைப்பள்ளிகளின் வார இறுதிக் குழுக்களை ஊர்ச் சங்கங்களிடம் ஒப்படைக்கும் வேலை 2023 முதல் நடக்கிறது. மொட்டைத் தலையும் மறைந்துவருகிறது: வீரர்களுக்கு மொட்டை வழக்கமாக உள்ள பேஸ்பால் குழுக்கள் 2018இல் 76.8 சதவீதம், 2023இல் 26.4 சதவீதம். அந்த ஆண்டு கோஷியெனை வென்ற கெயோ பள்ளியின் வீரர்கள் முடி வளர்த்திருந்தார்கள். 107 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த வெற்றியைவிடத் தலைமுடியைப் பற்றித்தான் பேச்சு அதிகம். பெண்கள் பேஸ்பாலின் தேசிய இறுதியாட்டம் முதன்முறையாக கோஷியென் அரங்கில் நடந்தது 2021இல்.

எந்த வழிகாட்டுதலையும்விட வேகமாகப் புகட்சுவை மாற்றிக்கொண்டிருப்பது பிள்ளைகளின் எண்ணிக்கை. 2014இல் 1.7 லட்சமாக இருந்த மேல்நிலைப்பள்ளி பேஸ்பால் வீரர்கள் 2023இல் 1.3 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். ஒன்பது பேர் தேறாத கிராமப்புறப் பள்ளிகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து கூட்டணியாகத் தகுதிச் சுற்றில் ஆடலாம் என்று இப்போது விதி இருக்கிறது. அந்த அணிகளில் ஒவ்வொருவரும் தத்தம் பள்ளிச் சீருடையிலேயே களமிறங்குகிறார்கள்.